அப்பா கேட்க நினைத்த ஒப்பாரி

எங்கள் ஊரில் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. பாடிப் பழகக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. களை எடுக்கும்போது எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடலாம். ஒப்பாரி மட்டும் எழவு வீட்டு வாசலில் கால் வைக்கும்போதுதான் வாயில் வர வேண்டும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பாட்டை எழவு வீடுகளில் மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, வட்டமாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் இழுக்கிற இழுப்பைப் பிடித்துக்கொண்டே போய் ஒருநாள் தாங்களும் இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் அம்மா அப்படிக் கற்றவள். "அவ வந்து உக்காந்தாத்தான் எழவு எழவா இருக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொல்வார்கள். அம்மாவும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

எம்.ஏ. முடித்துவிட்டு நான் கடத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நாங்கள் சிலர் ஒரு நூலகக் கட்டடத்தில் கூடுவோம். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் யாராவது வந்து தங்கள் ஊர்க் கதையையோ, தங்களுக்குத் தெரிந்த பாட்டையோ, கை வேலையையோ சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சால்வை கிடையாது. டீயும் சுண்டலும் உண்டு. சித்தேரி மலையிலிருந்து வந்த ஒருவர் தேன் எடுக்கப் போகும்போது தங்கள் ஆட்கள் பாறைக்கு என்ன சொல்லிக் கும்பிடுவார்கள் என்று சொன்னார். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் வந்து, பொங்கலன்று தங்கள் தேவாலயத்து முற்றத்தில் அடிக்கிற கும்மியை அடித்துக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் படித்ததெல்லாம் வேறு யாருடைய ஊராகவோ இருந்ததால், இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

கூட்டத்தை நடத்துகிற அக்கா பேங்கில் வேலை பார்க்கிறவர். அவருடைய மாமியார் இறந்தபோது அம்மா போய் அழுதிருந்தாள். அதை வைத்துத்தான் என்னிடம் கேட்டார்.

"உங்கம்மா பாடினதக் கேட்டப்பறந்தான் எங்க மாமியாரு அவ்ளோ நல்லவங்கன்னே எனக்குத் தெரிஞ்சுது தம்பி. ஒருநாள் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அக்காவுக்கு அப்பாவின் உடம்பு பற்றித் தெரியும். தெரிந்தும் கேட்கிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பாரியையும் அப்பாவையும் நானே சேர்த்து நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்தவர். கொத்தனாருக்குக் கையாளாகப் போய், பிறகு கம்பி கட்டுகிறவராக ஆனார். பண்டிகைக்கு வருவார், விதைப்புக்கு வருவார், போய்விடுவார். கிட்னி கெட்ட பிறகுதான் முழுதாக வீட்டுக்கு வந்தார். வாரத்தில் இரண்டு நாள் அவரைத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் சுத்தம் செய்து கூட்டி வருவோம். குடிக்கிற தண்ணீருக்குக் கூட அளவு. வெயில் நாளில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் நனைப்பார்.

நான் அம்மாவிடம் கேட்டபோது அவள் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"மேடையிலயா?" என்றாள்.

"மேடையெல்லாம் இல்லம்மா. சும்மா வட்டமா உக்காந்து."

"யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல."

"அப்பறம் எதுக்கு சாமி பாடறது?"

"அதுல எவ்ளோ பெரிய இலக்கியம் இருக்குது தெரியுமாம்மா?"

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நான் என்ன அத வேண்டாங்கறனா? வூட்டுல நோவாளிய வச்சிக்கிட்டு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"போயி பாடிட்டு வா புள்ள" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் பாடிட்ட. எனக்கு என்ன பாடுவன்னுதான் தெரியல."

"கேக்கற கேள்வியப் பாரு இந்த மனுசன்."

"நெசமாத்தான் கேக்கறன். நாளைக்கி எனக்கும் பாடத்தான் போற. ஊரே உக்காந்து கேக்கும். நான் ஒருத்தன் மட்டும் கேக்க மாட்டன். இது என்ன நாயம்?"

"உங்களப் பத்திப் பாட என்ன கெடக்குது? பெங்களூர்ல பாதி, கட்டில்ல பாதி. ரெண்டு வரியில முடிஞ்சிரும்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கிய பிறகு, "சரி, அந்த ரெண்டு வரியத்தான் சொல்லேன்" என்றார்.

அம்மா சல்லடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா விளையாட்டுக்குக் கேட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இல்லை என்பது அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கேட்டார். ஊசிக் குழாய்கள் மாட்டிய கையோடு படுத்திருக்கும்போது கேட்டார். "உங்கம்மாகிட்ட நீ சொல்லிப் பாருடா. நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பா." நான் சொல்லி அம்மா எதையும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் அப்படி நம்பினார். அவருக்கு வேறு ஆசைகள் எதுவும் மிச்சமிருந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு கேட்பதைக்கூட விட்டிருந்தார்.

கடைசியில் அம்மா கடத்தூருக்கு வர ஒப்புக்கொண்டாள். அப்பாவுக்காக அல்ல, செத்துப்போன தன் அண்ணனுக்குப் பாட. அதற்கும் நிபந்தனை இருந்தது. தலைக்கு மேலே கூரை இருக்கக் கூடாது, பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது. நாங்கள் போனபோது உள்ளே குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, கட்டடத்துக்குப் பின்னால் புங்க மரத்தடியில் விரித்தார். எல்லோரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

அன்றைக்கு இன்னொரு அம்மாவும் வந்திருந்தார். பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தங்கள் கல்யாணப் பாட்டுகளைப் பாடிக் காட்ட வந்தவர். என் அம்மா பாயில் தனியாக, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஒத்தையா உக்காந்தா எப்பிடிம்மா வரும்?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். கை பட்டதும் அம்மாவுக்குப் பாட்டின் இழுப்பு வந்துவிட்டது.

காரிமங்கலம் சந்தையிலே
வளவி வாங்கி, என் அண்ணா,
சட்டப் பையில் கொண்டாந்தே;
கைய நீட்டி நிக்கறேனே
காலியாச்சே, என் அண்ணா,
சட்டப் பையும் காலியாச்சே.

அம்மா மூச்சு வாங்கிய இடத்தில் அந்தக் கன்னட அம்மா எடுத்துக்கொண்டார். அவருடைய பாஷையில், அவருடைய செத்துப்போன புருஷனுக்கு. மெட்டு கொஞ்சம் வேறு. ஆனால் இருவரும் ஒரே பக்கமாகத்தான் அசைந்தார்கள். அவர் பாட்டு அம்மாவுக்குப் புரியாது. நான் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கை தட்டினார்கள். தட்டக் கூடாதோ என்று நடுவில் நிறுத்தினார்கள். நிறுத்தியது மரியாதையில்லையோ என்று மறுபடி கொஞ்சம் தட்டினார்கள்.

"எதுக்குத் தட்டறாங்க?" என்று அம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாயிருக்குதுன்னும்மா."

"அழுவறதா?"

ஒரு மாணவன் எழுந்தான். நல்ல பையன். எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவன். "அம்மா, அண்ணனுக்குப் பாடினீங்க. கணவர் இறந்துட்டா எப்படிப் பாடுவீங்க? ஒரு நாலு வரி மட்டும்" என்றான்.

அக்கா குனிந்து தரையைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன், அது பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருந்தது.

"அவரு வூட்டுல கஞ்சி குடிச்சிக்கிட்டு இருப்பாரு தம்பி" என்றாள் அம்மா. "அவர எதுக்கு இப்பவே அனுப்பி வக்கிறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். கன்னட அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தோளில் இருந்த கையை எடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பதிவைப் போடச் சொன்னார்.

"வூட்டுக்குள்ள போடாத" என்றாள் அம்மா. "பாடினாலும் அதான், போன்ல போட்டாலும் அதான்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "டேய், நீ காதுல மாட்டிக்கிட்டுப் பேசுவியே, அதக் கொண்டா. காதுல மாட்டிக்கிட்டா வூட்டுக்குள்ள கேக்காதில்ல?"

இதற்கு என்ன சட்டம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை இதுவரை ஊரில் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் இயர்போனை எடுத்து அப்பாவின் காதுகளில் வைத்தேன். அவர் கேட்கக் கேட்க, அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சமைத்ததை ஒருவர் வாயில் வைக்கும்போது பார்ப்பது போல.

"மச்சானுக்கு நல்லாத்தான் பாடியிருக்கற" என்றார் அப்பா. "உசுரோட இருந்தப்ப உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. செத்தப்பறம் என்னா பாசம்."

"வளவி வாங்கியாந்தது நெசந்தான."

அடுத்து கன்னடப் பாட்டு வந்தது. அப்பா கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பெங்களூரில் அத்தனை வருஷம் இருந்ததில் அவருக்குக் கன்னடம் நன்றாகவே வரும். எங்களுக்கு முன்னால் அதைப் பேசியதில்லை. அவருக்கு அங்கே ஒரு தனி வாழ்க்கை இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னா பாடறாங்க?" என்றாள் அம்மா.

"அங்கின்னா சட்டை. புருசன் சட்டையத் தொவச்சிக் கொடியில போட்டிருக்கறா. கொடியில காயற சட்டைக்குத் தோளு இன்னும் தெரியுது, போட்டுக்கற தோளத்தான் காணோம்கறா."

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா இன்னொரு முறை சொன்னார். கூலியாட்களுக்கு அளவு சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

அதன்பிறகு அப்பா வேகமாகத் தளர்ந்தார். கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். மருத்துவச் சொற்களை எல்லாம் வீட்டில் எனக்கு மட்டும்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்து என்ன ஆகப் போகிறது என்று தெரியவில்லை. அதே வார்த்தைகளை அம்மாவிடம் வந்து தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கலாம்னாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள் பகலில் அப்பா, "என்னக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். எங்கள் பக்கம் கொல்லை என்றால் மழையை நம்பி விதைக்கிற காடு. ஊரைத் தாண்டி இருக்கிறது. நிலக்கடலைக்குக் களை எடுக்க அம்மா காலையிலேயே போயிருந்தாள். மொபெட்டில் அப்பாவை முன்னால் உட்கார வைத்து, நான் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனேன். அவர் உடம்பு ஒரு சாக்குப்பை கனம் கூட இல்லை.

அம்மா களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எதுக்குடா இந்த வெயில்ல இவரக் கூட்டியாந்த?"

"அவன ஏன் வையிற? நாந்தான் வந்தன்" என்றார் அப்பா. வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "இங்க கூரையில்ல. வெளக்கு இல்ல. ஊரு எல்லையும் தாண்டியாச்சு. இப்பப் பாடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இதைத் தெரிந்துதான் கூட்டி வந்தேனா என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூட்டித்தான் வந்திருப்பேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரில், செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். முழங்காலில் ஒரு கையை ஊன்றினாள். அந்த இழுப்பு வந்தது. வார்த்தைக்கு முன்னால் வருமே, வெறும் குரல், அது. காடு முழுக்கக் கேட்கிற மாதிரி வந்து, அப்படியே அறுந்துவிட்டது.

மறுபடி முயன்றாள். மறுபடியும் அறுந்தது.

"முன்னால உக்காந்துக்கிட்டுப் பாத்தா எனக்கு எங்கிருந்து வரும்?" என்றாள்.

"நான் வேணா திரும்பி உக்காந்துக்கறன்."

சொன்னபடியே அப்பா கையை ஊன்றி, சிரமப்பட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரில் இருந்த வேலிமுள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பின்னாலிருந்து பார்க்க, பந்தியில் இலை போடுவதற்குக் காத்திருப்பவர் போல இருந்தார்.

அம்மாவுக்கு வரவில்லை. "ஆளு இருக்கறப்ப அது வாயில வராதுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. வந்தாப் பாட மாட்டனா?" என்று சொல்லிக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். மெட்டு இல்லாத, வார்த்தை இல்லாத, சாதாரண அழுகை. ஊரில் அத்தனை பேருக்கு அழுதவளுக்கு இப்படி அழ வரும் என்று நான் நினைத்ததில்லை.

"சரி வுடு புள்ள" என்றார் அப்பா திரும்பாமலே. "வுடு. வுடு."

நான் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டு போட்டிருந்த வண்டியை எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

ஐஸ் பெட்டி வந்தது. சாமியானா கட்டினார்கள். பறை வந்தது. ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. கொள்ளி வைக்கிறவன் நான் என்பதால் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு துண்டைக் கொடுத்து, அங்கே நில், இங்கே உட்கார் என்று பங்காளிகள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. ஆனால் பறை நிற்கிற இடைவெளியில்தான் வார்த்தை கேட்டது. நான் ஒவ்வொரு முறையும் வாசல் பக்கம் நகர்வேன், யாராவது கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள்.

பேங்க் அக்கா வந்தார். கூடவே அந்தக் கன்னட அம்மாவும். யார் தகவல் சொன்னார்களோ. கன்னட அம்மா நேராக உள்ளே போய், பெண்களை விலக்கிக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். பறைக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள்.

கொடியில காயற சட்டைக்கு
தோளு இன்னும் தெரியுதே;
போட்டுக்கற தோளத்தான்
போன எடம் காணலையே.

அந்தப் பாட்டு அந்தக் கன்னட அம்மாவுடையது. வார்த்தைகள் அப்பாவுடையவை. கட்டிலில் படுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அவரே சொன்னவை. தனக்கு வரப்போகிற ஒப்பாரியில் ஒரு வரியை அவர் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அது தனக்கானது என்று தெரியாமலே.

கன்னட அம்மாவுக்குத் தமிழ் புரியும். அவர் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்து அசையத் தொடங்கினார். அம்மா நிறுத்தவில்லை.

முதுகு காட்டி உக்காந்தியே
மூச்சடைச்சு நின்னேனே, என் சாமி;
இப்ப வருது பாட்டெல்லாம்
எழுந்து வந்து உக்காரு.

உயிரோடு இருந்தவரை அம்மா அவரை நீங்க என்றுதான் பேசினாள். அன்றுதான் முதல்முறையாக நீ என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் போன் இல்லை. சட்டையோடு யாரிடமோ போயிருந்தது. இருந்திருந்தாலும் பதிவு செய்து யாருக்குப் போட்டுக் காட்டுவது? அம்மா உள்ளங்கையால் பெட்டியின் கண்ணாடியை அடித்து அடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். பெட்டியின் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அப்பாவின் மூக்கிலும் இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்திருந்தார்கள்.

காதில் இருக்கிறதை மட்டும் எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். யாரிடம் போய் இதைச் சொல்வது, என்ன காரணம் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா வந்து என் தோளைத் தொட்டார்.

"வா சாமி. அப்பனக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் போவணும், நேரமாவுது" என்றார்.

நான் போனேன். வாசலைத் தாண்டுவதற்குள் பறை மறுபடி தொடங்கிவிட்டது.